கோப்பையா, பலூனா? பர்லெஸ்க் மேடையின் இரண்டு வழிகள்

மேடை நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு மார்ட்டினி மதுக்கோப்பை, அதில் தண்ணீர். கையுறை, கவுன், இடுப்பை இறுக்கும் கார்செட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு வந்த பெண் அதற்குள் ஏறி அமர்கிறார். ஆலிவ் காய் வடிவில் செய்த பெரிய பஞ்சை எடுத்துத் தோளுக்கு மேல் பிழிகிறார். அவ்வளவு தண்ணீரிலும் கொண்டை கலையவில்லை, உதட்டுச் சிவப்பு இழுபடவில்லை. இவர் டீட்டா வான் டீஸ்.

வேறொரு மேடையில் பிரம்மாண்டமான ரப்பர் பலூன். அதன் வாய் வழியாக உள்ளே நுழைந்துவிட்ட பெண் அங்கேயே ஆடுகிறார். முழங்கை ஒரு பக்கம் பிதுங்குகிறது, பாதம் இன்னொரு பக்கம். கூட்டம் சிரிக்கிறது, சிரிப்புக்கு நடுவே லேசாகக் கவலையும் படுகிறது: உள்ளே மூச்சு முட்டாதா? இவர் ஜூலி அட்லஸ் மஸ்.

இரண்டு பேரும் அமெரிக்கர்கள், ஒரே தலைமுறை. இரண்டு பேர் செய்வதற்கும் பெயர் நியோ-பர்லெஸ்க்தான், அதாவது உடையை ஒவ்வொன்றாகக் களைந்தபடி ஆடும் பழைய பர்லெஸ்க் மேடையாட்டத்தின் மறுபிறவி. ஆனால் இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் ஒருத்தி இவர்களில் யாரைப் பார்த்து நடப்பது என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபமில்லை.

கொஞ்சம் பழைய கதை. 1868-இல் லிடியா தாம்ஸன் என்ற ஆங்கிலேய நடிகை தன் குழுவோடு நியூயார்க்கில் வந்திறங்கியபோது, பர்லெஸ்க் என்பது உடை களையும் ஆட்டமே கிடையாது. பெண்கள் ஆண் வேடம் கட்டி, உயர்ந்த கதைகளையும் பெரிய மனிதர்களையும் கேலி செய்த பாட்டும் கூத்தும்தான் அது. உடை களைவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு, கடைசியில் அதுவே எல்லாமும் ஆகிவிட்டது. 1937-இல் மேயர் லா கார்டியாவின் நிர்வாகம் நியூயார்க் பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்து அவற்றை இழுத்து மூடியது. 1990-களில்தான் மறுபடி உயிர் வந்தது: லாஸ் ஏஞ்சலிஸில் 1995-இல் வெல்வெட் ஹேமர் குழு, நியூயார்க்கில் 1999-இல் ஸ்லிப்பர் ரூம் அரங்கு என்று. இறந்துபோன பாட்டியின் பெட்டியைத் திறந்தமாதிரி ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். டீட்டா எடுத்தது மினுக்கை. மஸ் எடுத்தது கேலியை. என் கணக்கு இதுதான். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

டீட்டாவின் இயற்பெயர் ஹெதர் ஸ்வீட். 1972-இல் மிஷிகனில் பிறந்தவர். சிறுவயதில் பாலே, இளவயதில் உள்ளாடைக் கடையில் வேலை. பொன்னிறக் கூந்தலுக்குக் கறுப்புச் சாயம் பூசி, 1940-களின் சினிமா நட்சத்திரம் மாதிரி தன்னைத்தானே செதுக்கிக்கொண்டார்; ஒப்பனையும் கொண்டையும் இன்றுவரை பெரும்பாலும் அவர் கையாலேயே நடக்கின்றன. டீட்டா என்பது ஜெர்மன் நடிகை டீட்டா பார்லோவிடமிருந்து எடுத்த பெயர். 2002-இல் பிளேபாய் அட்டைப்படத்துக்கு ஒரு குடும்பப் பெயரும் வேண்டும் என்றார்கள். தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ‘வான் ட்ரீஸ்’ என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பத்திரிகையில் ஓர் எழுத்து விழுந்து ‘வான் டீஸ்’ ஆகிவிட்டது. அச்சுப்பிழையில் பிறந்த அந்தப் பெயர்தான் பிறகு உள்ளாடையிலும் வாசனைத் திரவியப் புட்டியிலும் ஏறியது. 2006-இல் பாரிஸின் கிரேஸி ஹார்ஸ் அரங்கு தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு விருந்தினர் நட்சத்திரத்தை மேடையேற்றியது, அது இவர்தான். 2009-இல் மாஸ்கோவில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜெர்மனியின் பாட்டோடு ஆடினார். பாட்டுக்குக் கிடைத்தது இருபதாம் இடம். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி இன்று யாராவது பேசினால், அது இவருக்காகத்தான்.

மஸ்ஸின் பட்டியல் வேறு தினுசு. 2004-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் பியன்னாலேயில், அதாவது சமகால ஓவியர்களும் சிற்பிகளும் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் கண்காட்சியில், அவர் பெயர் இருந்தது. இரண்டே ஆண்டில் பர்லெஸ்க் நடனக்காரிகளுக்கான மிஸ் எக்ஸாட்டிக் வேர்ல்டு பட்டம். அந்தப் போட்டி முளைத்த இடம் கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் ஒரு பழைய ஆட்டுப் பண்ணை. ஓய்வுபெற்ற நடனக்காரிகள் தங்கள் சிறகு விசிறிகளையும் புகைப்படங்களையும் அங்கே அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். அதே 2006-இல், நியூயார்க்கின் கேளிக்கைக் கடற்கரையான கோனி ஐலண்டின் மிஸ் கோனி ஐலண்டும் ஆனார். கலைக்கூடத்துக்காரர்களும் கடற்கரைக் கேளிக்கைக்காரர்களும் ஒரே பெண்ணுக்குக் கைதட்டுவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

சரி, மேடையில் என்ன நடக்கிறது?

டீட்டாவின் ஆட்டத்தில் கவனிக்க வேண்டியது கார்செட். முன்பக்கம் உலோகக் கொக்கி வரிசை, பின்பக்கம் நாடா. இறுக்கிக் கட்டியிருக்கும்போது முன்கொக்கியை அவிழ்க்க முடியாது. முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை இழுத்து, நாடாவைத் தளர்த்தி, இடுப்பில் இடம் பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் முன்பக்கம் வர வேண்டும். இது நமக்கு ஒரு சோம்பலான திரும்பலாகவும் தோள் அசைவாகவும் மட்டும் தெரிகிறது. வேலை வேலையாகத் தெரியாமல் இருப்பதில்தான் அந்த ஆட்டத்தின் முழுத் திறமையும் இருக்கிறது. ஒரு கொக்கி சிக்கினால் மயக்கம் கலைந்துவிடும்.

மஸ்ஸுக்குக் கொக்கி சிக்கினால் லாபம். அவருடைய பேர்பெற்ற ஆட்டம் ஒன்றில் வெட்டுண்ட கை ஒன்று தானாக நடமாடி அவரைச் சீண்டும், துரத்தும், உடுப்பைப் பிடுங்கும். யாருடைய கை என்று நமக்குத் தெரியும், அவருடையதுதான். தெரிந்தும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கைமேல் கோபம் வருகிறது. பெண் உடலைத் தொட உரிமை யாருக்கு என்று பத்துப் பக்கம் கட்டுரை எழுதலாம். இவர் சில நிமிடத்தில் சிரிப்பும் அருவருப்புமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். டீட்டாவின் ஆட்டம் முடிந்ததும் ‘என்ன அழகு’ என்கிறோம். இங்கே ‘இப்போது என்ன பார்த்தோம்?’ என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பிடித்தது வேறு, பிழைப்பு வேறு.

பிழைப்புக்கு வருவோம். நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் முழு நிர்வாணம் கூடாது என்பது சட்டம். பேஸ்டி என்கிற சின்ன ஒட்டுவட்டமும் இதுபோன்ற தடைகளைச் சமாளிக்க வந்ததுதான். மார்புக்காம்பை மட்டும் மறைக்கும் அதை உடம்புப் பசையாலோ, விக் ஒட்டுகிற இருபக்க டேப்பாலோ ஒட்டுவார்கள். குஞ்சலம் தொங்கினால் சுழற்றலாம். பிய்த்து எடுக்கும்போது தோலும் கூட வருகிறமாதிரி எரியும் என்பார்கள். கலையரங்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆக, மஸ் கடைசி வரை போவதற்குக் கலை என்ற அடையாளம் தேவைப்படுகிறது; அந்த அடையாளம் உள்ள அரங்கில் மது விற்பனை தருகிற காசு இல்லை, மானியத்தையும் நுழைவுச்சீட்டையும் நம்ப வேண்டும். டீட்டா பேஸ்டியோடு நின்றுகொள்கிறார். அதனாலேயே அவர் எந்த ஊர்ப் பெரிய அரங்கிலும் ஆடலாம், எந்த ஒப்பனை நிறுவனமும் பயப்படாமல் அவர் முகத்தை விளம்பரத்தில் போடலாம்.

செலவும் அப்படித்தான். டீட்டாவின் உடையில் கல் பதிப்பது ஆரி வேலைக்குக் குறையாத பொறுமை கேட்கும். சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒட்ட வேண்டும். அவரோடு பல ஆண்டுகளாக உடைகளையும் ஆட்டங்களையும் உருவாக்கியவர் கேத்தரின் டெலிஷ், அவரும் நடனக்காரி. கோப்பையைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோக ஆள் வேண்டும், லாரி வேண்டும். மஸ்ஸின் பலூனை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், காற்றடிக்க ஒரு ஊதி போதும். ஆனால் ஒரு கருத்தை ஒருமுறைதான் முதன்முறையாகச் சொல்ல முடியும். கோப்பை இருபது ஆண்டு கழித்தும் விலைபோகிறது. வெட்டுண்ட கையைப் பார்த்தவர் அடுத்த ஆண்டு வேறு என்ன என்று கேட்பார்.

மஸ்ஸும் வேறு என்ன என்றுதான் போய்க்கொண்டிருந்தார். 2010-இல் மத்யூ அமல்ரிக் இயக்கிய ‘தூர்னே’ படத்தில், பிரான்ஸின் துறைமுக ஊர்களைச் சுற்றும் அமெரிக்கக் குழுவில் ஒருத்தியாக நடித்தார். படம் கான் விழாவில் இயக்குநர் விருது வாங்கியது. கோனி ஐலண்டில் சந்தித்த பிரிட்டிஷ் நடிகர் மேட் ஃப்ரேஸரை மணந்தார். தாய் கர்ப்பத்தில் உட்கொண்ட தாலிடோமைட் மருந்தால் கை குறுகிப் பிறந்தவர் அவர். 2013-இல் லண்டன் யங் விக் அரங்கில் இருவரும் சேர்ந்து ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ ஆடினார்கள். யார் அழகி, யார் மிருகம் என்ற பழைய கேள்விமேல் தங்கள் காதலையே தூக்கிப் போட்ட நாடகம். 2017-இல் அதே ஜோடி நியூயார்க்கில் குழந்தைகளுக்காக ‘ஜாக்கும் அவரைக்கொடியும்’ கதையை மேடையேற்றியது. இந்த வாழ்க்கையில் அடுத்த படி எது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டால் அலசல் நொண்டும். டர்ட்டி மார்ட்டினி. முறையாக நடனம் கற்றவர், பருத்த உடல்வாகு. அந்த உடம்புக்கு நடனக் குழுக்களில் இடமில்லை என்றானபோது பர்லெஸ்க் இடம் கொடுத்தது. 2004-இல் மிஸ் எக்ஸாட்டிக் வேர்ல்டு. டாலர் நோட்டைத் தின்கிற அவருடைய அரசியல் கேலி மஸ்ஸின் பக்கம், சிறகு விசிறி டீட்டாவின் பக்கம். ‘தூர்னே’யிலும் இருக்கிறார், டீட்டாவின் ‘ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப் ஹூரே’ சுற்றுப்பயணத்திலும் இருந்தார்.

டீட்டாவை நான் மதிக்க ஆரம்பித்தது அந்தச் சுற்றுப்பயணத்தால்தான். தன் பெயரில் சீட்டு விற்று, மேடையைத் தன்னைப்போல இல்லாதவர்களோடு பங்கிட்டார். வயது ஏறும்போது நடனக்காரி முதலாளியானார் என்றும் சொல்லலாம், தப்பில்லை. 2023-இல் லாஸ் வேகஸின் பழைய ‘ஜூபிலி’ அரங்கிலேயே தன் காட்சியைத் தொடங்கி, அங்கு நின்றுபோன, சிறகும் கல்லும் மின்ன அணிவகுக்கும் ஷோகேர்ல் காட்சியின் உடைகளை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்ணுக்கு டீட்டாவைக் காட்டாதீர்கள் என்பேன். அந்த இடத்தில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, அதில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. கறுப்புச் சாயமும் சிவப்பு உதடுமாக அவரை நகலெடுத்த எத்தனையோ பேர் வாரக்கடைசி மதுக்கூடத்தில் ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். மஸ்ஸின் வழி கிறுக்குத்தனமாகத் தெரியும், பணமும் குறைவு. ஆனாலும் அங்கே நாற்காலிகளை அவரவரே கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டம் முடிந்ததும் கழற்றிப் போட்ட துணிகளைப் பொறுக்க ஒரு உதவியாள் மேடைக்கு வருவார். ஆங்கிலத்தில் ‘ஸ்டேஜ் கிட்டன்’, மேடைப் பூனைக்குட்டி என்று செல்லப்பெயர். டீட்டாவின் காட்சியானால் கையுறையை ஜோடி பார்த்து எடுத்து, கல் உதிர்ந்திருக்கிறதா என்று தரையையும் பார்க்க வேண்டும். கோப்பைத் தண்ணீரை இறைத்து, மேடையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவர் ஆட முடியும். பலூன் வெடித்த இடத்தில் இருப்பது ரப்பர் துண்டுகள் மட்டும். ஒரு துடைப்பம் போதும். நாளைக்கு வேறு பலூன் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.