சவரக்கத்திக்கு எந்தக் கல்: இரட்டைக் கல்லா, பெல்ஜியத்து மஞ்சள் கல்லா?

மூன்று வருஷம் 4000/8000 இரட்டைக் கல்லில்தான் என் சவரக்கத்தியைத் தீட்டினேன். ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000; எண் கூடக் கூடக் கல் நைஸ். போன மழைக்காலத்தில் கோட்டிக்யூல் என்கிற பெல்ஜியத்து மஞ்சள் கல்லுக்கு மாறினேன். இனி பழையதற்குத் திரும்புவதாக இல்லை.

முதலில் வேண்டாதவை. மும்பை நாக்தேவி தெருவில் கிடைக்கும் கார்போரண்டம் கல் அரிவாளுக்கும் உளிக்கும் சரி, சவரக்கத்திக்குச் சொரசொரப்பு அதிகம். தெருவில் வரும் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்கவே கூடாது. விளிம்பு அவ்வளவு மெல்லியது. சூடேறினால் இரும்பின் பதம் போய்விடும்.

இரட்டைக் கல் விலை குறைவு, வேகமாக அரைக்கும். 4000 பக்கத்தில் விளிம்பை ஒழுங்கு செய்து, 8000 பக்கத்தில் முடித்து, தோல்வாரில் (விளிம்பை வழவழப்பாக்கும் தோல் பட்டை) இழுத்தால் சவரத்துக்குத் தயார். புதிதாகக் கற்பவருக்கு வசதிதான்.

சிக்கலெல்லாம் கல் தட்டையாக நிற்பதில். சவரக்கத்தியில் கோணத்தை நாம் பிடிப்பதில்லை. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்தால் அதுவே கோணம். கல் நடுவில் மயிரிழை குழிந்தாலும் கத்தியின் முனையும் அடியும் தேயும், நடுப்பகுதி கல்லையே தொடாது. எனக்கு அப்படித்தான் ஆனது. முனைப்பக்கம் வழித்துக்கொண்டு போகும், நடுப்பக்கம் பிடுங்கும். தோல்வாரில்தான் குறை என்று நினைத்து, தாராவியில் புதுத் தோல் வாங்கி மாட்டினேன், மாறவில்லை.

அப்புறம்தான் கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். கண்ணாடிப் பலகையில் 320 எண் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து அதில் தேய்த்தேன். ஓரக் கோடுகள் உடனே போயின. நடுவில் முட்டை வடிவத்துக்குக் கோடு அப்படியே நின்றது; அது மறையப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. மென்மையான கல், அதனால் ஒவ்வொரு முறை தீட்டும் முன்பும் இந்த வேலை உண்டு. போதாததற்குப் பதினைந்து இருபது நிமிஷம் ஊறவும் வேண்டும். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். அந்த நேரத்தில் ஒரு வாளியைக் கல்லுக்கு ஒதுக்குவது வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

கோட்டிக்யூல், பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் இயற்கைக் கல். வெளிர் மஞ்சளுக்குள் கார்னெட் என்கிற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள். இரும்பை அரைப்பவை அவைதான். ஊறப்போட வேண்டாம், கையளவு தண்ணீர் தெளித்தால் போதும். சின்னத் துண்டுக் கல்லால் மேலே தேய்த்தால் பால் மாதிரிக் குழம்பு வரும். அந்தக் குழம்பில் கத்தி வேகமாக அரைபடும். துளித்துளியாகத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தால் வேகம் குறைந்து, கடைசியில் வெறும் தண்ணீரில் மெருகேறும். போன வாரம் இதிலும் பென்சில் கட்டம் போட்டுப் பார்த்தேன். வாட்டர் பேப்பரில் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் எல்லாக் கோடும் ஒன்றாகப் போனது; கல் குழியவில்லை என்று அர்த்தம்.

விலை அதிகம், மறைக்கவில்லை. இயற்கைக் கல் என்பதால் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. நான் தேய்த்தது ஒரே ஒரு கல்லில், இரண்டே கத்திகளை. விளிம்பு உடைந்த கத்தியை இதில் சரிசெய்து பார்க்கும் நிலை இன்னும் வரவில்லை. அந்த நாளுக்காக இரட்டைக் கல்லை விற்காமல் பரணில் வைத்திருக்கிறேன்.