சாட்ரிக்ஸ் ஃபினி: இதில் இன்சூரன்ஸ் எவ்வளவு?

ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் எஸ்டிஎக்ஸ்ஃபின் என்ற பெயரில் கைமாறும் இந்த இடிஎஃப் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்), தென்னாப்பிரிக்க நிதித்துறையின் 15 பெரிய பங்குகளைப் பின்தொடர்கிறது. காப்பீட்டுத் துறையில் பணம் போட நினைத்து வாங்குபவருக்கு இது பாதிக்கும் கீழேதான் தேறும். ஃபண்டின் மாதாந்தர விவரத்தாளில் முதல் பத்துப் பெயர்களைப் பாருங்கள்: ஃபர்ஸ்ட்ராண்ட், ஸ்டாண்டர்ட் பேங்க், கேபிடெக் என்று வங்கிகளின் ஆட்சி. காப்பீட்டு நிறுவனங்களான சான்லாம், டிஸ்கவரி, ஓல்ட் மியூச்சுவல் அவற்றுக்குப் பின்னால்தான். பொதுக்காப்பீட்டு நிறுவனமான சான்டாமில் பெரும்பங்கு சான்லாம் கையில் இருக்கிறது. சந்தையில் புழங்கும் பங்குகளை வைத்தே எடை போடுவதால், பட்டியலில் இடம்பெற்றாலும் சான்டாமின் எடை சிறுத்துப்போகும். காப்பீட்டு நிறுவனமான லிபர்ட்டியோ 2022இல் முழுவதும் ஸ்டாண்டர்ட் பேங்குக்குப் போய்விட்டது.

இதனால் என்ன கெட்டுப்போகும்? காப்பீட்டுப் பங்கின் வருமானம் மூலதன விதியோடு பின்னிக்கிடப்பது. 2018 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய இழப்பையும் தாங்கும் அளவுக்கு நிறுவனத்திடம் மூலதனம் இருக்கவேண்டும். கையிருப்பை அந்தத் தேவையால் வகுத்தால் வருவது எஸ்சிஆர் (தேவையான மூலதனம்) விகிதம். 1க்குக் கீழே இறங்கினால் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புப் பிரிவு தலையிடும். பெரிய நிறுவனங்கள் தங்கள் இலக்கு வரம்பை அறிவிக்கின்றன; அதற்கு மேலே நிற்கும் உபரிதான் சிறப்பு டிவிடெண்டுக்கு ஊற்று. முடிவுகள் வரும் நாளில் லாபத்துக்கு முன்னால் இந்த எண்ணைத் தேடுங்கள். ஃபினியில் இந்தக் கணக்கு வங்கிகளின் கணக்கில் கரைந்துவிடுகிறது. 2020 ஏப்ரலில் டிவிடெண்டை நிறுத்திவைக்குமாறு வங்கிகளுக்கு அறிவுரை வந்தபோது, காப்பீட்டை நம்பி வாங்கியவர்மீதும் அந்த அடி விழுந்தது.

டர்பன்காரர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. 2021 ஜூலைக் கலவர இழப்பீடு 3,000 கோடி ராண்டைத் தாண்டியது. ஆனால் கலவரக் காப்பீடு அரசின் காப்பீட்டு நிறுவனமான சஸ்ரியாவுடையது, அதற்குச் சந்தையில் பங்கு கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளம் அப்படியல்ல. அந்தச் சுமை சான்டாம் போன்றவற்றின் தோளில் விழுந்தது.

வாங்கும்போது, 9 மணிக்குச் சந்தை திறந்தவுடன் பாய வேண்டாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அப்போது அகன்றிருக்கலாம். விலை வரம்பு வைத்தே ஆர்டர் போடுங்கள். இடிஎஃப்புக்கு 0.25% பரிமாற்ற வரி இல்லை, தனிப்பங்குக்கு உண்டு. வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் டிவிடெண்டுக்கு 20% பிடித்தமும் இல்லை.

நிதித்துறை முழுவதையும் மலிவாகப் பிடிக்க நினைப்பவருக்கு நல்ல சரக்கு. காப்பீடு மட்டும் வேண்டுமென்றால் சான்லாம், சான்டாம், அவுட்ஷூரன்ஸ் பங்குகளைத் தனித்தனியாக, சாதாரணக் கணக்கில்தான் வாங்கவேண்டும். வரியில்லாக் கணக்கில் தனிப்பங்குக்கு இடமில்லை. அந்தக் கணக்கின் ஆண்டு வரம்பையும் மீறிவிடாதீர்கள், மிஞ்சிய தொகைக்கு 40% வரி.