மாட்டுங்காவில் நம்பி சாளக்கிராமம் வாங்க ஒரு கடை

மும்பை மாட்டுங்கா கிழக்கில் பூக்கடைகளைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பினால் ஒரு சின்ன பூஜை சாமான் கடை. பெருமாளாக வைத்துப் பூஜிக்கும் சாளக்கிராமக் கல் வேண்டும் என்று யார் கேட்டாலும் அங்கேதான் அனுப்புகிறேன்.

செம்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்தக் கல்மேல் எனக்கு பக்தியும் உண்டு, தனியாக ஒரு பிரியமும் உண்டு. கிடைப்பது நேபாளத்தில், காளி கண்டகி ஆற்றில். பக்கத்தில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது முக்திநாத், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆனால் கல் பிறந்தது கடலில்! இமயமலை எழும்புவதற்கு முன்பு அங்கே டெதிஸ் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் சுருள் ஓடு சேற்றில் புதைந்து, சுற்றியிருந்த சேறும் இறுகிக் கல்லாகிவிட்டது. அதெல்லாம் நடந்து சுமார் 15 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிறகு இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியதில் கடலடி மலையாக உயர்ந்தது. அந்த மலையை அரித்துத்தான் ஆறு இதை உருட்டிவருகிறது.

கடைக்கார மாமா தாம்பாளத்தில் துணி விரித்து, நல்லது ஒன்றும் போலி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “மாமி, நகத்தால தடவிப் பாருங்கோ.” செதுக்கிய போலிக் கல்லில், சக்கரம் என்று நாம் சொல்லும் அந்தச் சுருளின் கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே ஆழம். நிஜக் கல்லில் கோடு பெரும்பாலும் வெளிவிளிம்பை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஆறு தேய்த்த பக்கத்தில் மெல்ல மறைந்தும்போகிறது. துவாரத்துக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே பொன்னிறத்தில் ஒரு மினுமினுப்பு. அது பைரைட் என்ற இரும்புத் தாது. “தங்கம்னு சொல்லி விக்கறவா இருக்கா, நம்பாதீங்கோ” என்று அவரே சொன்னார். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

ஒரு குறை உண்டு. சாளக்கிராமத்துக்கு விலை பேசக் கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. அதை மதித்து, “சம்பாவனையா கொடுங்கோ” என்கிறார், அதாவது நாமாகப் பார்த்து மரியாதையாகக் கொடுப்பது. நல்ல மனசுதான். ஆனால் முதல்முறை போகிறவர்கள் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். எலுமிச்சை அளவுக் கல்லுக்கு நான் 1,500 ரூபாய் வைத்தேன்; அவர் முகம் கோணவில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று அவரே சொல்லிவிடலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் அவரால் நின்று பேச முடியாது. காலை பத்து மணி வாக்கில் போனால் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் காட்டுவார்.