குதிரைக்கு இதயத் துடிப்பு பெல்ட்: ஒன்பது மாதம் கட்டிப் பார்த்ததில்

காயம் பட்டு வாரக்கணக்கில் லாயத்தில் நின்ற குதிரையை மறுபடி வேலைக்குப் பழக்க, போலார் நிறுவனத்தின் குதிரைக்கான இதயத் துடிப்பு பெல்ட்டை வாங்கினேன். வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அதை எதற்கு நம்புவது, எதற்கு நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

என் குதிரை கிண்டி ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை இனம், ஒன்பது வயது. இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக இறங்கும் தசைநாண் கிழிந்து வில் மாதிரி புடைத்துக்கொண்டது, ஸ்கேனில் பார்த்தால் நாணின் நடுவே கருப்பாக ஒரு ஓட்டை. டாக்டர் ஆறு வாரம் லாயத்தை விட்டே வெளியே எடுக்கக் கூடாது என்றார். ஓட்ஸையும் கொள்ளையும் அன்றைக்கே குறைத்துப் புல்லுக்கு மாற்றினோம். இது முக்கியம், வேலை இல்லாத குதிரைக்குத் தானியத்தைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்து திடீரென்று ஒரு நாள் வேலை வாங்கினால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், சிறுநீர் காபி நிறத்தில் போகும்.

அப்புறம் கையில் பிடித்து நடத்துவது. முதல் வாரம் 10 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, சமமான கெட்டித் தரையில், நேர்கோட்டில். ஈசிஆர் பக்கம் இருக்கிறோம் என்பதால் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காய்ந்த மணலில் கால் புதைந்தால் அத்தனை பாரமும் நாணில்தான் இழுக்கும். போகவே இல்லை. கயிறு கட்டி வட்டத்தில் ஓட்டுவதையும் தொடவில்லை.

பெல்ட்டை நடையின் முதல் நாளிலிருந்தே கட்டினேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வரும் பட்டி, அதில் எச்10 சென்சார், போனில் ஆப். தொடும் இடத்தில் முடியைத் தண்ணீரால் நன்றாக நனைக்க வேண்டும், நனைக்காமல் கட்டினால் எண் தாறுமாறாகத் துள்ளும். இந்த மாதிரி எல்லாப் பெல்ட்டுக்கும் பொதுவான விஷயம்தான் இது, வியர்க்க ஆரம்பித்ததும் தானே சரியாகிவிடும். பேட்டரி வாட்ச் கடையில் கிடைக்கிற சிஆர்2025.

வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு சாதாரணம், எங்கள் பையனுக்கு 36. இந்த அடிப்படை எண்ணை ஒரு வாரம் தினமும் காலையில் தீவனத்துக்கு முன்னால் பார்த்து எழுதி வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான். மூன்றாவது மாதம் ஒரு நாள் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன், "சார், இன்னிக்கு பையன் சரியில்ல" என்றார். நடையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, காலும் சூடாக இல்லை. பெல்ட்டைக் கட்டினால் நின்ற இடத்திலேயே 54, வழக்கமாக 70 காட்டும் நடைக்கு 100ஐத் தாண்டியது. நிறுத்திவிட்டோம். மறுநாள் காலை வலது முன்னங்காலைத் தரையில் வைக்கவே இல்லை, குளம்புக்குள் சீழ். வலி இருந்தால் துடிப்பு ஏறும், நொண்டல் வெளியே தெரிவதற்கு முன்பே கூட ஏறலாம். ஆனால் பயம், கோபம், பக்கத்து மண்டபத்து வெடி எல்லாமும் ஏற்றும் என்பதால் ஒரு தடவை காட்டியதை வைத்துப் பதறாதீர்கள்.

சரி, எதற்கு நம்பக் கூடாது? நான்காவது மாத ஸ்கேன் நன்றாக இருந்ததால் டிராட் (நடையை விட வேகமான துள்ளு ஓட்டம்) ஆரம்பித்தோம், 2 நிமிடம் மட்டும். முதல் நாள் துடிப்பு 150 வரை போனது. ஆறே வாரத்தில் அதே வேகத்துக்கு 120, நிறுத்திய சில நிமிடங்களில் 60க்குக் கீழே. நீண்ட தூரப் போட்டிகளில் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிற எல்லை 64 என்பதால் இதைப் பார்க்கிற யாருக்கும் குதிரை தயார் என்றுதான் தோன்றும். இதயமும் தசையும் தயார், அவ்வளவுதான். சில வாரங்களில் அவை திரும்பிவிடும், ரத்த ஓட்டம் குறைவான நாண் அப்படித் திரும்பாது. அங்கே உருவாகும் தழும்பு நார் ஒழுங்காகி பலம் பிடிக்க 9 முதல் 12 மாதம் ஆகும், ஆன பிறகும் பழைய நெகிழ்வு முழுதாக வராது. மூச்சு வாங்காத குதிரை தானாகவே வேகம் கேட்கும், கொடுத்தால் கிழியும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இதற்கு முன் இருந்த என் பெண்குதிரையை ஒரு லாயத்தில் விட்டிருந்தேன், ஐந்தாவது மாதமே "நல்லா மூச்சு பிடிக்குது சார்" என்று கேன்டரில் (டிராட்டை விட வேகமான ஓட்டம்) விட்டுவிட்டார்கள். அதே நாண், அதே இடம், மறுபடி கிழிந்தது. அப்புறம் அவள் மேல் யாரும் ஏறவே இல்லை. இன்றைக்கும் அவள் காலைத் தடவும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் சட்டம் இதுதான். வேகத்தைக் கூட்டுவதை ஸ்கேனும் டாக்டரும்தான் முடிவு செய்வார்கள், பெல்ட்டுக்குக் குறைக்கவும் நிறுத்தவும் மட்டும் அதிகாரம். சென்னைப் புழுக்கத்தில் அதற்கே வேலை ஜாஸ்தி. மே மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட, வேலை முடிந்து 15 நிமிடமாகியும் துடிப்பு இறங்காத நாட்கள் இருந்தன. உடனே தண்ணீர் ஊற்றி வழித்து, மறுபடி ஊற்றி, அடுத்த நாள் வேலையைப் பாதியாக்கினோம். வியர்வையே வராமல் மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள், இந்த ஊர்க் குதிரைகளுக்கு வியர்வை நின்றுபோகிற பிரச்சினை வருவதுண்டு.

விலை அதிகம்தான். ஸ்கேனுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஸ்கேனுக்குக் கொடுங்கள். ஓய்வுத் துடிப்பை ஒரு ஸ்டெதாஸ்கோப்பை குதிரையின் இடது முன்னங்கால் முழங்கை மூட்டுக்குப் பின்னால் வைத்தே எண்ணிவிடலாம்.

போன வாரம் கேன்டர் ஆரம்பித்தோம், ஒரு நிமிடம். இன்னும் ஒரு நிமிடம் கூட்டுவதற்கு அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்கிறோம்.