போன் ஃப்ளாஷிங் டூல்கள்: ஒரு தப்பு டிக்கை எது தாங்கும்?

போனின் மென்பொருளைக் கணினி வழியே மறுபடி எழுதுவதுதான் ஃப்ளாஷிங். அதற்கான டூல்களில் ஓடின் நல்லதா, எஸ்பி ஃப்ளாஷ் டூல் நல்லதா என்ற விவாதத்துக்குப் பெரிய அர்த்தமில்லை. எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் போனே முடிவு செய்துவிடுகிறது. சாம்சங் என்றால் உள்ளே எந்தச் சிப் இருந்தாலும் ஓடின். மற்றவற்றில் மீடியாடெக் சிப் என்றால் எஸ்பி ஃப்ளாஷ் டூல், குவால்காம் என்றால் கியூஃபில். கை தவறினால் எது எவ்வளவு கெடுக்கும் என்று ஒப்பிட்டால்தான் பயன்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு ஓடினுக்கு. பிஎல் (போனை எழுப்பும் பூட்லோடர்), ஏபி (ஆண்ட்ராய்ட்), சிபி (மோடம்), சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள்) என்று நாலு கட்டம், நாலு கோப்பு. டவுன்லோடு அரைகுறையாக இருந்தால் கோப்பு முழுசா என்று பார்க்கும் எம்டி5 சரிபார்ப்பிலேயே நின்றுவிடும். பழைய பூட்லோடரைத் திணித்தால் போனே மறுத்துவிடும். கவனம் வேண்டிய இடம் சிஎஸ்சி: அதைப் போட்டால் படங்கள், தொடர்புகள் எல்லாம் அழியும், ஹோம் சிஎஸ்சி போட்டால் தங்கும். லோகோவிலேயே நிற்கும் போனுக்கு முதலில் ஹோம் சிஎஸ்சியைத்தான் முயல வேண்டும். ஒரு குறை, ஓடினை சாம்சங் பொதுமக்களுக்கென்று வெளியிட்டதே இல்லை. கசிந்த பிரதிகள்தான் சுற்றுகின்றன.

எஸ்பி ஃப்ளாஷ் டூலுக்கு பலம் அதிகம், இரக்கம் குறைவு. திரை வராத, பட்டனுக்கு அசையாத போனையும் பிடித்துவிடும். சிப்புக்குள்ளேயே பதிந்த தொடக்க நிரலான பூட் ரோம் அழியாததால் வரும் வசதி அது. எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் ஸ்கேட்டர் கோப்பைக் கொடுத்ததும் மூன்று வழி காட்டும். 'டவுன்லோட் ஒன்லி' போதும். 'ஃபார்மட் ஆல்' கொடுத்தால் என்விராமும் சேர்ந்து போகும். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. போன் எழுந்துவிடும், சிக்னல் மட்டும் வராது. போனில் இருப்பதைப் படித்தெடுக்கும் ரீட்பேக் வசதியில் என்விராமை நகலெடுத்த பிறகே மற்ற வேலை.

கியூஃபில்லில் தப்பு செய்யும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் பாதி நேரம் வேலையே தொடங்காது. கணினியின் டிவைஸ் மேனேஜரில் 9008 என்று, அதாவது அவசர நிலையில், போன் தெரிய வேண்டும்; அந்த மாடலுக்கென்று கையொப்பமிட்ட, போனுக்குள் எழுத வழிவிடும் ஃபயர்ஹோஸ் கோப்பும் வேண்டும். இல்லையென்றால் 'சகாரா ஃபெயில்' என்ற பிழைதான்.

பார்க்க எளிமையாக இருந்து அதிகம் கவிழ்ப்பது ஷாவ்மியின் மிஃப்ளாஷ். பல பதிப்புகளில் கீழே 'கிளீன் ஆல் அண்ட் லாக்' தானாகவே தேர்வாகியிருக்கும். சீனச் சந்தைக்கு வந்த போனில் வெளிநாடுகளுக்கான மென்பொருளை (குளோபல் ரோம்) ஏற்றி அப்படியே விட்டால் பூட்லோடர் பூட்டிக்கொள்ளும், போன் எழாது. ஃப்ளாஷ் பட்டனை அழுத்தும் முன் 'கிளீன் ஆல்' என்று மாற்றுங்கள்.

கணினியில் தட்டச்சு செய்து போனுக்கு அனுப்பும் ஃபாஸ்ட்பூட் கட்டளைகள் சுத்தமானவை, கூகுளே தருவது. ஆனால் பெரும்பாலும் பூட்லோடர் திறந்திருக்க வேண்டும். திறந்தால் டேட்டா போகும். பிக்சல் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டளைகளும் தேவையில்லை, குரோம் பிரவுசரிலேயே ஆண்ட்ராய்ட் ஃப்ளாஷ் டூல் ஓடும்.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் கிராக் செய்த 'ஆல் இன் ஒன்' டூல்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.