ஒற்றை இருக்கைப் பக்கம்: சிறு ஜெட்களில் பன்னிரண்டு ஆண்டுகள்

வேலை நிமித்தம் மாதம் இரண்டு மூன்று முறையாவது சிறு ஜெட்டில் போய்வருபவன் நான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதிகம் ஏறியவை இரண்டு: பிரேசிலின் எம்ப்ரேயர் செய்த ஈஆர்ஜே 145, கனடாவின் பொம்பார்டியர் செய்த சிஆர்ஜே 200. இரண்டிலும் ஐம்பது பேர் உட்காரலாம்.

145-இல் நடைவழிக்கு இடப்பக்கம் ஒரே இருக்கை, வலப்பக்கம் இரண்டு. டிக்கெட் போடும்போதே அந்த ஒற்றை இருக்கையைப் பிடித்துவிடுவேன். ஜன்னலும் நமக்கே, நடைவழியும் நமக்கே. எழுந்து போக யாரையும் நகரச் சொல்ல வேண்டாம். கூரை ஆறடி உயரம்தான். உயரமானவர்கள் குனிந்தே நடப்பார்கள். இன்ஜின்கள் வால் பக்கம் இருப்பதால் முன்வரிசை அமைதியாக இருக்கும், கடைசி வரிசையில் இரைச்சல் காதை அடைக்கும்.

சக்கரப் பெட்டி மேலே நுழையாது. விமானத்தின் வாசலில் கொடுத்துவிட்டு, இறங்கியதும் அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு முறை என் பெட்டியை ஏற்றாமலே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மாத்திரையும் லேப்டாப்பும் தோளில்தான்.

சிஆர்ஜே 200-இல் முதல் முறை தரையிறங்கியபோது வயிற்றைப் பிசைந்தது. மூக்கைத் தாழ்த்தியபடியே ஓடுபாதையை நோக்கி வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் நீண்டு விரியும் தகடுகள் இதில் இல்லை, அதனால்தான் அந்தச் சாய்வு என்று ஒரு விமானி பிறகு விளக்கினார். சேலஞ்சர் என்ற தனியார் பயண ஜெட்டை நீட்டிச் செய்த விமானம் இது. இதன் முந்தைய வடிவமான சிஆர்ஜே 100-ஐ 1992-இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா சிட்டிலைன் நிறுவனம் முதலில் பறக்கவிட்டது. 145 அதற்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து வந்தது.

அதுவரை சிறு ஊர்களுக்கு விசிறி வைத்த டர்போபிராப்தான். ஜெட் அதைவிட வேகமாக, மோசமான வானிலைக்கு மேலே ஏறிப் பறந்தது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். பெரிய விமான நிறுவனங்களுக்காகச் சிறு ஊர்களுக்குப் பறக்கும் துணை நிறுவனங்கள் எவ்வளவு பெரிய விமானத்தை ஓட்டலாம் என்று அந்தப் பெரிய நிறுவனங்களின் விமானிகள் ஒப்பந்தத்தில் வரம்பு இருந்ததும் ஐம்பது இருக்கைக்கு ஒரு காரணம். அப்புறம் எரிபொருள் விலை ஏறியது. அந்தச் செலவை ஐம்பது டிக்கெட்டில் எடுக்க முடியவில்லை. சிஆர்ஜே வரிசை முழுவதன் தயாரிப்பும் 2020-இல் முடிந்தது. அதே ஆண்டு அந்தப் பிரிவு மிட்சுபிஷி கைக்குப் போனது.

இப்போது என் தடத்தில் வருவது எம்ப்ரேயர் 175. பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடு இருக்கையே கிடையாது. தலை இடிக்காது, பெட்டி மேலே ஏறுகிறது. விமானமாகப் பார்த்தால் எல்லா வகையிலும் இதுதான் மேல். ஆனால் 76 இருக்கையை நிரப்ப வேண்டும் இல்லையா? நாளுக்கு நான்கு முறை இருந்த சேவை இரண்டாகிவிட்டது. சிறு ஜெட்டின் உண்மையான வசதி அந்த நேர அட்டவணைதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் போய் வேலையை முடித்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய ஊரில், இப்போது ஓர் இரவு தங்குகிறேன்.