ரத்தப் பரிசோதனையிலேயே கண் பாதிப்பு தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். "ரத்தம் எடுத்தால் போதும், விழித்திரை பாதிப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்" என்று ஒரு பரிசோதனைக்கூடம் விற்ற பேக்கேஜை நம்பி, என் அக்கா அந்த வருஷக் கண் பரிசோதனைக்குப் போகவில்லை. ரிப்போர்ட்டில் பச்சை நிறத்தில் 'அபாயம் குறைவு' என்று போட்டிருந்தார்கள். சில மாதங்களில் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வையை மறைத்துவிட்டது.

அக்காவுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டாம் வகை சர்க்கரை நோய். அதில் நெடுங்காலம் சுகர் கட்டுக்குள் இல்லை. அப்புறம் டாக்டர் மருந்தை மாற்றினார், அக்காவும் சாப்பாட்டில் கவனமானார், எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மளமளவென்று இறங்கியது. அந்தச் சமயத்தில்தான், வழக்கமாக வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் கூடத்திலிருந்து போன் வந்தது. "கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் சொட்டு மருந்து ஊற்றி உட்கார வைத்துவிடுவார்கள் மேடம். கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. எங்கள் டெஸ்டில் அந்தத் தொல்லையே இல்லை. நார்மலாக வந்தால் இந்த வருஷம் கண் டாக்டரையே பார்க்க வேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பேக்கேஜ் விற்பதற்காக, செய்தே ஆகவேண்டிய ஒரு பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் இடது கண்ணில் கறுப்பு நூல்போல ஏதோ மிதக்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் புகை மூட்டமாகிவிட்டது. கண் மருத்துவர் சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு விழித்திரையிலும் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, இடது பக்கம் அதில் ஒன்று உடைந்து கசிந்திருக்கிறது என்றார். சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதில் இது முற்றிய கட்டம். புதுக் குழாய்கள் மெலிந்தவை, சுலபமாக உடையும். நாங்கள் பச்சை ரிப்போர்ட்டை நீட்டினோம். அவர் வரிவரியாகப் படித்துவிட்டு, "இதில் கண்ணைப் பற்றி ஒன்றுமே இல்லையே" என்றார்.

உண்மைதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கிரியேட்டினின், கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின். எல்லாம் வழக்கமான பரிசோதனைகள். கூடவே விஇஜிஎஃப் என்ற புரதத்தின் அளவு. இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 'விழித்திரை மதிப்பெண்' என்று ஓர் எண். அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கியதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சர்க்கரை கட்டுப்பாட்டுக்கும் கண்ணுக்கும் தொடர்பு இருப்பது நிஜம். முதல் வகை சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வின் முடிவு 1993ல் வெளிவந்தது. ஆரம்பத்தில் கண் பாதிப்பு இல்லாதவர்களில், சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்திய பிரிவினருக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. கூடத்தின் விளம்பரம் இந்தத் தொடர்பைத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் எச்பிஏ1சி காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை மட்டுமே. அது அளப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை, அந்தச் சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள்தானே. அதற்கு முந்தைய வருஷங்களில் ஏறிக்கிடந்த சர்க்கரை விழித்திரையில் செய்த சேதம் அந்த எண்ணில் தெரியாது. ரோடு இப்போது காய்ந்திருக்கிறது என்பதை வைத்து, போன மழையில் யாரும் வழுக்கி விழவில்லை என்று சொல்ல முடியுமா?

அக்கா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே கண் பாதிப்பு இருக்கும் சிலருக்கு அது முதலில் கூடலாம். அதே டிசிசிடி ஆய்விலும் தொடக்கத்தில் சிலருக்கு இப்படி ஆனது, நாளடைவில் கட்டுப்பாட்டால் நன்மையே அதிகம் என்பதும் அதில் தெளிவாயிற்று. அதனால் சர்க்கரையைக் குறைக்கப் பயப்பட வேண்டாம். ஆனால் மருந்து மாறி சுகர் சட்டென்று இறங்குகிற காலத்தில் கண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்பதையே காரணமாகக் காட்டி, அப்படிப்பட்ட நேரத்தில் இவர்கள் 'கண் டாக்டர் வேண்டாம்' என்றார்கள்.

விஇஜிஎஃப் பெயரைப் பார்த்து நானும் முதலில் இது ஏதோ பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குள் புது ரத்தக்குழாய்களை முளைக்க வைப்பதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. கண்ணில் போடும் ஊசி மருந்துகள் அதைத் தடுப்பவைதான். ஆனால் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் இருப்பது கண்ணிலிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? உடம்பில் பல இடங்களில் அது சுரக்கிறது, ரத்தம் உறையும்போது தட்டணுக்களும் அதை வெளிவிடுகின்றன. எந்தக் கண் கெட்டிருக்கிறது, பார்வையின் மையப்பகுதி வீங்கியிருக்கிறதா, குழாய் எங்கே கசிகிறது என்பதை அது காட்டாது. லேசர் வைக்கவோ ஊசி போடவோ மருத்துவருக்குத் தேவைப்படும் தகவல் இதுதான்.

மைக்ரோஆர்என்ஏ என்ற நுண்ணிய மூலக்கூறுகள் முதலான பல பொருள்களை ரத்தத்தில் அளந்து கண் பாதிப்பை முன்கூட்டியே அறிய முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. நல்ல முயற்சி, அது வெற்றிபெற வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் கண் பரிசோதனைக்கு மாற்றாக எந்த ரத்தப் பரிசோதனையையும் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை. ஆராய்ச்சியில் இருப்பதை முடிந்துபோன விஷயமாகச் சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

கூடத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். கண் மருத்துவரின் பரிசோதனையோடு இந்த மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, நிஜமாகவே பாதிப்பு இருந்தவர்களில் எத்தனை பேரை இது தவறவிட்டது என்று கேட்டேன். "எங்கள் மெஷின் ரொம்பத் துல்லியம் சார்" என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில். மெஷின் புரதத்தின் அளவைத் துல்லியமாக அளக்கலாம். அந்த அளவை வைத்துக் கண்ணில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி, அதற்கு அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. கடைசியில் மேலாளர் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: 'இது நோய் கண்டறிதல் ஆகாது'. போனில் பேசிய பெண் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார் என்றார். பணத்தைத் திருப்பித் தந்தார்கள். விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

வலது கண்ணுக்கு உடனே லேசர் ஆனது. இந்த லேசர் புதிதில்லை, கடுமையான பார்வையிழப்பைப் பாதியோ அதற்கு மேலோ அது குறைக்கும் என்பது 1976லேயே ஆய்வில் தெரிந்த விஷயம். இடது கண்ணில் ரத்தம் மறைத்திருப்பதால் முழுதாக லேசர் வைக்க முடியவில்லை. ஊசி போட்டிருக்கிறார்கள், ரத்தம் தானாகக் கரையாவிட்டால் அறுவை சிகிச்சை. கசியும் முன்பே போயிருந்தால் இந்தக் கண்ணுக்கும் லேசரோடு முடிந்திருக்கலாம்.

இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்தவுடனேயே, முதல் வகை என்றால் ஐந்து வருஷத்துக்குள் முதல் கண் பரிசோதனை. அப்புறம் பொதுவாக வருஷம் ஒருமுறை, பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அடிக்கடி. பார்வை நன்றாகத் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். முற்றும்வரை இந்த நோய் அறிகுறி காட்டாமலே இருக்கலாம்.

சொட்டு மருந்துதான் தொல்லை என்றால் அதை மருத்துவமனையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பலருக்குச் சொட்டு மருந்தே இல்லாமல் விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன. அந்தப் படத்தைக் கணினியே பார்த்து முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லேயே அனுமதி தந்துவிட்டது. அதுவும் விழித்திரையின் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது.

இதே மாதிரி பேக்கேஜ் வாங்கியவர்கள், ரிப்போர்ட் எந்த நிறத்தில் இருந்தாலும் சரி, கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல இருந்தாலோ அன்றைக்கே போங்கள். போனில் யாராவது 'கண் டாக்டர் தேவையில்லை' என்றால், அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாததால்தான், புகார் கொடுத்த இடத்தில் அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறார்கள்.